ஐரோப்பியக் கொள்கையில் சிறு அமைப்பின் குரல்: ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவது பயன் தருமா?

நெம்புகோல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நெதர்லாந்தில் தன்னார்வலர்கள் நடத்தும் பழுதுபார்ப்புக் குழுக்கள் சிலவற்றின் சிறிய கூட்டமைப்பொன்றில் நான் நிருவாகக் குழு உறுப்பினர். மார்ட்டினே போஸ்ட்மா 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிவைத்த ரிப்பேர் கஃபே முறையில்தான் நாங்களும் இயங்குகிறோம். சனிக்கிழமைகளில் நூலக அறையிலோ தேவாலயக் கூடத்திலோ மேசைகளைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் காபி இயந்திரம், தூசியுறிஞ்சி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பழுதுபார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கோரிக்கை. ஒரு கருவியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்ட பிரான்சு 2021 சனவரியில் கொண்டுவந்த பழுதுபார்ப்புக் குறியீட்டில், ஒரு பொருளுக்கு மதிப்பெண் இடும்போது உதிரிபாகத்தின் விலையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் திறன்பேசிகளுக்குக் கொண்டுவந்து 2025 சூனில் நடைமுறைக்கு வந்த மதிப்பெண் முறையில் விலைக்கு இடமில்லை. இதே முறை வீட்டு உபயோகச் சிறு கருவிகளுக்கும் விரிவாக்கப்படவிருக்கும் நிலையில், இம்முறையாவது விலை சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம். பாகம் கிடைக்கிறது, ஆனால் அதன் விலை புதிய கருவியின் விலையில் பாதியைத் தொடுகிறது என்றால், எங்கள் மேசைக்கு வரும் மூதாட்டி பழைய கருவியைக் குப்பையில் போடத்தான் செய்வார்.

பிரஸ்ஸல்ஸில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனம் எங்களுக்கு ஒரு திட்ட முன்மொழிவை அனுப்பியிருக்கிறது. ஆறு மாத ஒப்பந்தம், மாதந்தோறும் கட்டணம். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் 10 பேருடன் சந்திப்பு, நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒரு மாலை நிகழ்ச்சி, வாரமொரு செய்தி மடல் ஆகியவை அதில் அடங்கும். மொத்தத் தொகை எங்கள் ஓராண்டுச் செலவுக்கு அருகில் வருகிறது. உறுப்பினர் சந்தாவைச் சேர்த்து வைத்த பணம் என்பதால் கையெழுத்திடத் தயக்கமாக இருக்கிறது. இத்துறையை அறிந்தவர்கள் கருத்துக் கூற வேண்டுகிறேன்.

வடகடல்

பதினோர் ஆண்டுகள் பிரஸ்ஸல்ஸில் இத்தொழிலில் இருந்துவிட்டு வெளியேறியவன் என்ற முறையில் எழுதுகிறேன். லாபி (சட்டமியற்றுவோரிடம் ஒரு தரப்புக்காக வாதாடுவது) என்றதும் பெட்டியில் பணம் கைமாறுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். அன்றாட வேலை அதைவிடச் சலிப்பூட்டுவது: நாள்காட்டியைப் பார்ப்பதும், வரைவின் எந்தப் பத்தி யாருடைய மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், 40 பக்க அறிக்கையை இரண்டு பக்கமாகச் சுருக்குவதும்தான்.

ஒன்றியத்தில் சட்டத்தை முன்மொழியும் உரிமை பொதுவாக அதன் நிருவாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் மட்டுமே உள்ளது. முன்மொழிவுக்கு முன்பே ஆணையம் தனது இணையத்தளத்தில் கருத்துக் கேட்கும். முதற்கட்டக் குறிப்புக்கு நான்கு வாரமும் பொதுக் கலந்தாய்வுக்கு 12 வாரமும் வழக்கமான கால அளவு. முன்மொழிவு வெளியான பிறகு அது 720 உறுப்பினர்களைக் கொண்ட நாடாளுமன்றத்துக்கும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலுக்கும் ஒரே வேளையில் செல்கிறது. நாடாளுமன்றத்தில் அச்சட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அறிக்கை உறுப்பினர் ஒருவர் இருப்பார். மற்ற கட்சிக் குழுக்களின் சார்பில் அவருக்கு நிழல் உறுப்பினர்களும் இருப்பார்கள். கவுன்சிலில் முதலில் பேசுவது அமைச்சர்கள் அல்லர், பணிக்குழுக்களில் அமரும் தூதரக அதிகாரிகள். அங்கே ஒரு சட்டம் நிறைவேற 27 நாடுகளில் 15இன் ஆதரவு வேண்டும். அந்நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 விழுக்காட்டினர் வாழவும் வேண்டும். கடைசியில் மூன்று அமைப்புகளும் மூடிய அறையில் முத்தரப்புப் பேச்சு நடத்திச் சொற்களை முடிவுசெய்கின்றன.

இந்த வரிசையில் எந்த வாரம் யாரிடம் பேச வேண்டும் என்பதை அறிந்தவர் ஒருவர் உடனிருந்தால், புதியவர்கள் இரண்டு ஆண்டுகளில் கற்பதை இரண்டு மாதங்களில் செய்து முடிக்கலாம். நீங்கள் விலை கொடுப்பது அந்தக் கால மிச்சத்துக்கு. ஆகவே எடுத்த எடுப்பில் மறுத்துவிட வேண்டாம் என்பது என் கருத்து.

உப்புக்கல்

வடகடல் ஐயா சொல்வதில் தவறில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நாள்காட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வைக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012 சனவரியில் முன்மொழியப்பட்டபோது நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ 4000 திருத்தங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் சில, பெருநிறுவனங்களும் தொழில் அமைப்புகளும் எழுதிக்கொடுத்த தாள்களிலிருந்து சொல்லுக்குச் சொல் படியெடுக்கப்பட்டவை என்பதை லாபிபிளாக் என்ற இணையத்தளம் 2013இல் இரண்டு வாசகங்களையும் அருகருகே வைத்து அம்பலப்படுத்தியது. அதற்கு முன்பு, 2011இல், லாபி செய்பவர்களாக வேடமிட்ட பிரித்தானியச் செய்தியாளர்கள், பணத்துக்குத் திருத்தம் கொண்டுவர இசைந்த உறுப்பினர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரியாவின் முன்னாள் உள்துறை அமைச்சரான எர்ன்ஸ்ட் ஸ்ட்ராசர் அதனால் சிறைக்கே போனார்.

சனிக்கிழமைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டு பழுதுபார்க்கும் அமைப்பு, தன் ஓராண்டுச் செலவை அந்தச் சந்தையில் கொண்டுபோய்க் கொட்டுவது பொருத்தமாகத் தெரியவில்லை. அதே பணத்தில் எத்தனை கருவிகளுக்குப் பாகம் வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.

வடகடல்

திருத்தங்களைப் படியெடுத்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கதையை முழுவதும் சொல்ல வேண்டும். அறிக்கை உறுப்பினராக இருந்த யான் பிலிப் அல்பிரெக்ட்டும் தனியுரிமை அமைப்புகளும் விடாமல் நின்றதால், 2016இல் நிறைவேறி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் பல்லில்லாத சட்டமாக ஆகிவிடவில்லை. அந்த அமைப்புகளும் இதே வழிகளைத்தான் பயன்படுத்தின; அவர்களும் தாள்களை எழுதிக்கொடுத்தார்கள். லாபிபிளாக் அதையும் சேர்த்தே காட்டியது.

அளவுகோல்

நான் ஜெர்மனியில் வீட்டு உபயோகக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். அரசியல் எனக்குத் தெரியாது. ஆனால் நெம்புகோல் பகிர்ந்த முன்மொழிவைப் படித்ததும் ஓர் ஐயம் எழுந்தது: 10 நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து என்ன செய்யச் சொல்லப் போகிறீர்கள்?

நீங்கள் கேட்பது புதிய சட்டம் அன்று. பொருள்கள் நீடித்து உழைக்கும்படியும் சூழலுக்குக் கேடு குறையும்படியும் வடிவமைக்கப்பட வேண்டும் என்னும் சூழல்வடிவமைப்பு ஒழுங்குமுறை 2024 சூலையிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் கீழ் 2025 ஏப்ரலில் ஆணையம் வெளியிட்ட வேலைத் திட்டத்தில் பழுதுபார்ப்புத் தன்மை குறித்த பொது விதி இடம்பெற்றிருக்கிறது. அந்த விதியை ஆணையமே துணைச் சட்டமாக எழுதும். துணைச் சட்டத்தில் நாடாளுமன்றமோ கவுன்சிலோ ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. முழுவதையும் ஏற்கலாம், அல்லது குறித்த காலத்துக்குள் முழுவதையும் நிராகரிக்கலாம். அவ்வளவுதான். உதிரிபாக விலைக்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்பதற்காக ஒரு விதி முழுவதையும் நிராகரிக்க எந்த உறுப்பினரும் முன்வர மாட்டார். வந்தாலும் பழுதுபார்ப்பு விதியே இல்லாமல் போகும். அது உங்களுக்கே எதிரானது.

உண்மையான வேலை வேறு இடங்களில் நடக்கிறது. இத்தகைய விதிகளுக்கான தொழில்நுட்ப ஆய்வைப் பெரும்பாலும் ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம், ஸ்பெயினின் செவில்யாவிலிருந்து செய்கிறது. மதிப்பெண் முறையின் அடித்தளத்தை 2019இல் எழுதியவர்களும் அவர்களே. பிறகு வரைவு, உறுப்பு நாடுகளின் வல்லுநர்களும் தொழில், நுகர்வோர், சுற்றுச்சூழல் அமைப்புகளும் அமரும் சூழல்வடிவமைப்பு மன்றத்துக்கு வருகிறது. அதன் பின் இணையத்தில் நான்கு வாரம் பொதுக்கருத்து. சோதனை முறைகள் தரநிலைக் குழுக்களில் எழுதப்படுகின்றன. ஒரு கருவியின் பழுதுபார்ப்புத் தன்மையை மதிப்பிடும் முறைக்கு 2020இலேயே ஈஎன் 45554 என்ற தரநிலை இருக்கிறது. உங்கள் ஆலோசகரின் தாளில் இவற்றுள் ஒன்றாவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா?

இது சிறு விஷயம் என்று நினைப்பவர்களுக்குத் தூசியுறிஞ்சிக் கதையைச் சொல்ல வேண்டும். 2014 செப்டம்பர் முதல் தூசியுறிஞ்சிகளுக்கு ஆற்றல் முத்திரை கட்டாயமாயிற்று. அதற்கான சோதனை, தூசிப் பெட்டி காலியாக இருக்கும் நிலையில் நடத்தப்பட்டது. தூசி நிறைந்த பிறகு கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எவ்வளவு உறிஞ்சும் என்பதை முத்திரை சொல்லவில்லை. டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது, 2015இல் தோற்றது, மேல்முறையீட்டில் 2017இல் வழக்குத் திருப்பி அனுப்பப்பட்டது, 2018 நவம்பரில் பொது நீதிமன்றம் அந்த ஒழுங்குமுறையையே நீக்கியது. சோதனை முறையில் இருந்த ஒரு நிபந்தனைக்காக ஐந்தாண்டு வழக்கு. டைசனுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். உங்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே சோதனை முறை எழுதப்படும் நேரத்திலேயே நீங்கள் அறையில் இருக்க வேண்டும்.

வடகடல்

அளவுகோல் சரியாகப் பிடித்திருக்கிறார். முதல் பதிவில் நான் சாதாரணச் சட்டமியற்று முறையை விளக்கினேன். நெம்புகோலின் கோரிக்கை எந்த முறையில் முடிவாகிறது என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பழைய தொழிலின் பழக்கம்தான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் சந்திப்பும் மாலை நிகழ்ச்சியும் முன்மொழிவுகளில் தவறாமல் இடம்பெறுவதற்குக் காரணம், அவை வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே. படம் எடுக்கலாம், ஆண்டறிக்கையில் போடலாம். செவில்யாவில் இருக்கும் ஆய்வாளருக்கு அனுப்பிய நான்கு பக்கத் தரவு அட்டவணையை யாரும் படம் எடுப்பதில்லை. இது எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. நல்லவர்கள் முதல் சந்திப்பிலேயே "உங்கள் விஷயத்துக்கு நாடாளுமன்றம் தேவையில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லாதவரை அமர்த்த வேண்டாம்.

தேம்சுக்கரை

லண்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அறக்கட்டளை சில ஆண்டுகளுக்கு முன்பு இத்தகைய நிறுவனம் ஒன்றை ஓராண்டுக்கு அமர்த்தியது. வாரந்தோறும் வந்த செய்தி மடலில் முக்கால் பங்கு நாளிதழிலேயே இருந்தது. பயன்பட்டது ஒன்றே: அரசின் செயல்பாட்டை ஆராயும் நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு எழுத்துச் சான்று அளிப்பது எப்படி என்று ஓர் அலுவலர் எங்களுக்கு ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிற்பகலை மட்டும் தனியே வாங்கியிருந்தால் செலவு பெருமளவு குறைந்திருக்கும்.

பிரிட்டனைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிரஸ்ஸல்ஸை இகழ்பவர்கள் பலர் லண்டனில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாக எண்ணுகிறார்கள். ஒன்றியத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு 2011இல் தொடங்கியது. 2021 உடன்பாட்டின்படி கவுன்சிலும் அதில் சேர்ந்தது. இன்று 12,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் அதில் பதிவாகியுள்ளன. பணம் பெற்று வாதாடும் ஆலோசனை நிறுவனங்களைப் போலவே, தம் சொந்த அலுவலரைக் கொண்டு லாபி செய்யும் நிறுவனங்களும் அதில் அடக்கம். இங்கேயோ 2014ஆம் ஆண்டுச் சட்டம் பிறருக்காகக் கட்டணம் பெற்று அமைச்சரிடமோ துறையின் நிரந்தரச் செயலரிடமோ நேரடியாகப் பேசும் ஆலோசகர்களை மட்டுமே பதிவு செய்யச் சொல்கிறது. முன்னாள் பிரதமர் டேவிட் கேமரன் கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்துக்காக 2020இல் அன்றைய நிதியமைச்சருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது வெளியானபோது, அவர் அந்நிறுவனத்தின் ஊழியர் என்பதால் பதிவு தேவையில்லை என்று பதிவாளர் முடிவு செய்தார். சட்டப்படி அது சரி. சட்டத்தின் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதும் அத்துடன் தெரிந்துபோயிற்று. ஸ்காட்லாந்தின் சட்டம் சொந்த ஊழியர்களையும் சேர்த்துக்கொள்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று: பிரெக்சிட்டுக்குப் பிறகும் எங்களுக்குப் பிரஸ்ஸல்ஸ் தேவைப்படுகிறது. சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்கு உதிரிபாகம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி ஒன்றியத்தில் 2021 மார்ச்சில் வந்தது. பிரிட்டன் அதே போன்ற விதியைச் சூலையில் கொண்டுவந்தது. அவ்விதியில் பல பாகங்கள் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்று எழுதப்பட்டிருப்பதால், தன்னார்வலர்கள் இரண்டு இடத்திலும் வாசலில்தான் நிற்கிறார்கள்.

நெம்புகோல்

தொழில்முறைப் பழுதுபார்ப்பவர் என்ற அந்தச் சொல்தான் எங்களை இந்த வேலைக்குள் இழுத்தது. அதன் வரைவு வந்தபோது எங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தபோது அது சட்டமாகிவிட்டிருந்தது.

முன்மொழிவைத் திரும்பப் படித்தேன். சூழல்வடிவமைப்பு மன்றம் என்ற பெயரோ, தரநிலைக் குழு பற்றிய பேச்சோ அதில் எங்குமே இல்லை.

நூலிழை

கொழும்பில் ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் நீண்ட காலம் பணியாற்றியவள் நான். விஷயம் வேறு, பாடம் ஒன்று என்பதால் குறுக்கிடுகிறேன். மனித உரிமை போன்ற உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தும் வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை இலங்கைக்கு 2010 ஆகஸ்ட்டில் நிறுத்தப்பட்டு 2017 மே மாதத்தில் மீண்டும் கிடைத்தது. நிறுத்தப்படுவதற்கு முன்பு, சலுகை போனால் எத்தனை பெண்கள் வேலை இழப்பார்கள் என்பதே எங்கள் பக்கத்து வாதமாக இருந்தது. அந்த வாதத்தில் பொய்யில்லை. ஆனால் ஆணையம் தனது விசாரணையில் எடுத்துக்கொண்ட கேள்வி, குடிமை மற்றும் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடுப்பு, குழந்தைகள் உரிமை ஆகிய மூன்று ஐ.நா. உடன்படிக்கைகளை நாடு நடைமுறைப்படுத்துகிறதா என்பது. மனித உரிமை அமைப்புகள் அந்தக் கேள்விக்கே விடையெழுதின. நாங்களோ யாரும் கேட்காத கேள்விக்கு விடையளித்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் மூதாட்டியின் கதை மனத்தைத் தொடுகிறது. ஆனால் மதிப்பெண் எழுதுபவரின் கேள்வி எது என்று முதலில் பாருங்கள்.

உப்புக்கல்

நூலிழை அம்மையார் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் எனக்கொரு மனக்குறை இருக்கிறது. எல்லாம் மன்றத்திலும் தரநிலைக் குழுவிலும் முடிவாகிறது என்றால், அங்கே தம் பொறியாளரைச் சம்பளத்துடன் அனுப்பக்கூடியவர் யார்? உற்பத்தியாளர்தான். நாடாளுமன்றத்திலாவது ஒரு வாக்காளரின் குரலுக்கு ஓரளவு மதிப்பு உண்டு. தொழில்நுட்பம் என்ற பெயரில் அரசியல் முடிவுகளை இந்த அறைகளுக்குள் தள்ளிவிடுவது யாருக்கு வசதி என்பதையும் பேச வேண்டும். கைப்பேசி மின்னேற்றியை நினைத்துப் பாருங்கள். 2009இல் உற்பத்தியாளர்கள் தாமாகவே ஒரே மின்னேற்றிக்கு வருவதாக ஆணையத்துடன் உடன்பாடு செய்துகொண்டார்கள். மென்மையான அந்த உடன்பாட்டால் பத்தாண்டுக்கும் மேல் கட்டாயச் சட்டம் தள்ளிப்போயிற்று. நாடாளுமன்றம் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதால்தான் 2022இல் சட்டம் நிறைவேறி, 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்குக் கட்டாயமானது.

அளவுகோல்

உப்புக்கல் கேட்பது நியாயமான கேள்வி. என் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: தரநிலைக் குழுவுக்கு நான் செல்லும் பயணச் செலவை ஏற்பது என் நிறுவனம், என் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் உற்பத்தியாளர்கள். இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அதற்காக அந்த நாற்காலியைக் காலியாக விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பியூக், தரநிலைகளில் சுற்றுச்சூழல் தரப்பைப் பேசும் ஈகோஸ் ஆகியவை பிரஸ்ஸல்ஸில் பல ஆண்டுகளாக இந்த அறைகளில் அமர்ந்திருக்கின்றன. அவர்களிடம் ஆள்கள் குறைவு, பழுதுபார்ப்பு மேசையிலிருந்து வரும் தரவு அதைவிடக் குறைவு. உங்களிடம் இருப்பது அந்தத் தரவு.

வடகடல்

நெம்புகோல் அவர்களே, நெதர்லாந்தில் சுழற்சிப் பொருளாதாரத்தைக் கவனிப்பது உள்கட்டமைப்பு மற்றும் நீர்வள அமைச்சகம். அது இருக்கும் டென் ஹாக் (ஹேக் நகரம்) உங்களுக்கு ஒரு ரயில் பயணத் தொலைவுதான். ஆணையத்தின் வல்லுநர் கூட்டத்தில் உங்கள் நாட்டின் சார்பில் பேசும் அதிகாரிக்கு, உங்கள் நாட்டுக் குடிமக்கள் தரும் இரண்டு பக்கம், பிரஸ்ஸல்ஸ் ஆலோசகர் தரும் 20 பக்கத்தைவிட எளிதாகப் பயன்படும். டெல்ஃப்டில் உள்ள நென் என்ற தரநிலை நிறுவனத்தையும் அணுகுங்கள். வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் உங்கள் கூட்டமைப்பைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. அப்படியே அந்த ஆலோசனை நிறுவனத்தின் பெயரையும் அதில் தேடிப் பாருங்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியலும் ஒவ்வொருவரிடமிருந்து பெறும் தொகையின் வரம்பும் அங்கே இருக்கும்.

நெம்புகோல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதிவேட்டில் பார்த்தோம். எங்களுக்கு முன்மொழிவு அனுப்பிய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் வீட்டு உபயோகக் கருவி உற்பத்தியாளர் ஒருவரும் இருக்கிறார். நேரில் கேட்டபோது, இரண்டு கணக்குகளையும் வெவ்வேறு குழுக்கள் கவனிப்பதாகப் பணிவுடன் விடையளித்தார்கள். நாங்களும் பணிவுடன் மறுத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக, இத்துறையில் தனியாகத் தொழில் செய்யும் ஒருவரை மூன்று நாள் வேலைக்கு மட்டும் அமர்த்தியிருக்கிறோம். அவருக்குக் கொடுத்த பணி இரண்டே: துணைச் சட்டத்தின் கால வரிசையை ஒரு தாளில் எழுதித் தருவது, எங்கள் இரண்டு பக்கக் குறிப்பைத் திருத்தித் தருவது. சென்ற இரண்டு ஆண்டுகளில் எங்கள் மேசைகளுக்கு வந்த கருவிகளின் பதிவேடுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். எத்தனை கருவிகள் பாகம் கிடைக்காமல் திரும்பின, எத்தனை பாகத்தின் விலையால் திரும்பின என்று பிரித்துப் பார்ப்பதே நோக்கம். பாதிப் பதிவுகள் கையெழுத்தில் உள்ளன. சிலவற்றில் காபிக் கறை. டென் ஹாக் அதிகாரி சந்திக்க நாள் கொடுத்திருக்கிறார்.

குறிப்பின் முதல் வரைவை இங்கே இணைத்திருக்கிறேன். தயவு செய்து படித்துக் குறை சொல்லுங்கள்.

அளவுகோல்

படித்தேன். முதல் பக்கம் முழுவதும் உங்கள் கூட்டமைப்பின் வரலாறு. அதை எடுத்துவிடுங்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் உள்ள அட்டவணையை மேலே கொண்டுவாருங்கள். "அதிக விலை" என்று எழுதியிருக்கிறீர்கள். எதனோடு ஒப்பிட்டு அதிகம் என்பதற்கு ஒரு வரையறை வேண்டும். பிரெஞ்சுக் குறியீட்டில் பாகத்தின் விலையைக் கருவியின் விலையோடு ஒப்பிடும் விகிதம் இருக்கிறது. அதே விகிதத்தை உங்கள் பதிவுகளுக்கும் போட்டுப் பாருங்கள். கருவியின் விலை எழுதப்படாத பதிவுகளைத் தனியே ஒதுக்கி, அவற்றின் எண்ணிக்கையையும் அட்டவணைக்குக் கீழே குறித்துவிடுங்கள். இல்லையென்றால் மன்றத்தில் உற்பத்தியாளர் தரப்பு முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நெம்புகோல்

ஒதுக்கிவிட்டேன், 61 பதிவுகள். திருத்திய வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன்.